வெறுங்காலோடு ஓடப் பழகுவது எப்படி: யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"என்ன தம்பி, செருப்பு அறுந்து போச்சோ?"

விடிய ஐந்தரைக்கு எங்கள் ஒழுங்கை முகப்பில் பால் வாங்க நிற்கும் ஐயா ஒருவர் முதல் நாள் கேட்டது இது. "இல்லை ஐயா, ஓடப் பழகுறன்" என்றேன். என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "நாங்கள் பள்ளிக்கூடத்துக்கே இப்பிடித்தான் போனனாங்கள். இதுக்கு என்ன பழக்கம்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் அப்போது அதே நினைப்புத்தான். வீட்டுக்குள் செருப்பு இல்லை, கோயிலுக்குள் இல்லை, வளவுக்குள் பாதி நேரம் இல்லை. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் வெறுங்காலோடுதான் வீதி சுற்றுகிறோம். எங்களுக்கா இதைச் சொல்லித்தர வேண்டும் என்ற எண்ணத்தில் முதல் கிழமையிலேயே காப்பெற் வீதியில் ஆறு கிலோமீற்றர் ஓடினேன். பத்தாம் நாள் வலது பாதத்தின் மேற்பக்கம், இரண்டாம் விரலுக்கு நேரே, விரலால் தொட்டாலே சுள்ளென்றது. எலும்பில் அழுத்தக் காயம் தொடங்கிவிட்டது என்றார் வைத்தியர். மூன்று மாதம் ஓட்டம் இல்லை. சைக்கிள்தான்.

பிழை எங்கே என்று பிறகுதான் விளங்கியது. நடக்கும்போது எந்நேரமும் ஒரு காலாவது நிலத்தில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் அந்தரத்தில் நிற்கும் கணம் உண்டு. அதற்குப் பிறகு இறங்கும் ஒற்றைக் கால் உடல் எடையின் இரண்டு, மூன்று மடங்குச் சுமையை வாங்குகிறது. பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நடந்தவனின் தோல் அதற்குத் தயார். ஒரு பாதத்தில் இருக்கும் 26 எலும்புகளும் அவற்றைக் கட்டி வைத்திருக்கும் நார்களும் தயாரில்லை. தோல் சில கிழமையில் தடிக்கும். கெண்டைச் சதை ஓரிரு மாதத்தில் தேறும். நாணும் எலும்பும் பல மாதம் கேட்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான்.

யார் இதில் இறங்கக் கூடாது

சலரோகம் உள்ளவர்கள் வைத்தியரிடம் பாதத்தைக் காட்டாமல் தொடங்கவே வேண்டாம். சலரோகம் நாள்பட்டால் பாதத்தில் உணர்வு மங்கும். முள் ஏறினாலும் தெரியாது, புண் வந்தாலும் ஆறாது. வெறுங்கால் ஓட்டத்தின் முழு ஆதாயமும் பாதம் உணர்வதில்தான் இருக்கிறது. உணர்வு குறைந்த பாதத்துக்கு இதில் ஆபத்து மட்டுமே மிச்சம். காலில் இரத்த ஓட்டக் குறைவு, ஆறாத வெடிப்பு, அண்மையில் எலும்பு முறிவு உள்ளவர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

மற்றவர்கள் தொடங்க முன் ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் இல்லை என்றால் போடும் காலம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். எதற்கும் வைத்தியரைக் கேளுங்கள்.

முதல் படி: வீட்டுக்குள் மூன்று சோதனை

ஒற்றைக் காலில் முப்பது விநாடி நில்லுங்கள், கண் திறந்தபடி, எதையும் பிடிக்காமல். வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்று சாதனை படைத்தவர். நாங்கள் அரை நிமிடம் நின்றால் போதும். கணுக்கால் கிடுகிடு என்று ஆடினால் ஒவ்வொரு நாளும் பல் விளக்கும் நேரத்தில் இதைச் செய்யுங்கள். இரண்டு கிழமையில் ஆட்டம் அடங்கும்.

அடுத்தது, ஒற்றைக் காலில் நின்று குதிக்காலை உயர்த்தி மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் இருபது முறை இழுத்துப் பறிக்காமல் செய்ய முடிய வேண்டும். வெறுங்கால் ஓட்டத்தில் முதலில் கூலி கொடுப்பது கெண்டைச் சதைதான்.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. பாதத்தை நிலத்தில் வைத்தபடி பெருவிரலை மட்டும் தூக்குங்கள், மற்ற நான்கும் கீழேயே இருக்க வேண்டும். பிறகு பெருவிரலைக் கீழே வைத்து மற்ற நான்கையும் தூக்குங்கள். முதல் நாள் என் மூளை கட்டளை கொடுத்தது, கால் கேட்கவேயில்லை. வருடக்கணக்காகச் சப்பாத்துக்குள் ஒன்றாகக் கட்டிக் கிடந்த விரல்கள் தனித்தனியே அசைய மறந்திருந்தன.

இரண்டாம் படி: இரண்டு கிழமை நடை

ஓட வேண்டாம். விடியற்காலையில் பதினைந்து, இருபது நிமிடம் வெளியில் வெறுங்காலோடு நடவுங்கள். மண், சீமெந்து, கிறவல், புல் என்று நாலு வகையிலும் கால் பட வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். நானும் தாண்டினேன், பலன் மேலே இருக்கிறது.

மூன்றாம் படி: இடம் தேடுதல்

எல்லோரும் முதலில் கடற்கரைக்குத்தான் ஓடுவார்கள். மெத்தென்று இருக்கும் என்ற எண்ணம். உண்மையில் தொடங்குகிறவனுக்கு மணல் நல்ல வாத்தியார் இல்லை. மெது மணலில் குதிக்கால் புதைந்து குதிநாண் தேவைக்கு மேல் இழுபடும். அதைவிட, நீங்கள் பிழையாகக் கால் வைத்தாலும் மணல் அதை மறைத்துவிடும். மணற்காட்டு மணல்மேடுகளில் ஓடிப் பார்த்த நண்பர் ஒருவர் அடுத்த நாள் படி இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. காரைநகர்க் காசூரினாவில் அலை நனைத்து இறுகிய மணல் பரவாயில்லை. ஆனால் கடற்கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு பக்கக் கால் எப்போதும் தாழ்வில் விழும். போன வழியே திரும்பி ஓடினால்தான் இரண்டு காலுக்கும் கணக்குச் சரியாகும்.

தொடக்கத்துக்கு நல்லது வழுவழுப்பான கடினத் தரை. கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் சீமெந்துத் தரை பொய் சொல்லாது. குதிக்காலை அடித்து வைத்தால் மண்டை வரைக்கும் தெரியும். உடனே கால் தானாகத் திருந்தும். கூட்டித் துப்புரவாக வைத்திருக்கும் சீமெந்து முற்றம், பள்ளிக்கூட வளவின் நடைபாதை (அனுமதி கேட்டுத்தான்), விடிய முன் வெறிச்சோடிக் கிடக்கும் காப்பெற் வீதியின் ஓரம், இவை போதும். வீதி ஓரம் என்றால் வெள்ளைக் கோட்டைக் கவனியுங்கள். அந்தப் பூச்சு மற்றத் தரையைவிட வழுவழுப்பாகவும் வெயிலில் சூடு குறைவாகவும் இருக்கும். மழையில் மட்டும் வழுக்கும்.

கால் பழகிய பிறகு வலிகாமத்துச் செம்மண். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் ஒழுங்கைகள் மழை பெய்து இரண்டு நாள் கழித்து இருக்கும் பதத்துக்கு ஈடு வேறில்லை. கால் வைத்தால் இலேசாக அமுங்கும், புதையாது. காய்ந்த கோடையில் அதே மண் ஓடு மாதிரி இறுகி, சின்னச் சுண்ணக்கற்கள் தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போது போக வேண்டாம்.

கீரிமலை, காங்கேசன்துறைக் கரையோரத்தில் முருகைக் கல் கத்தி மாதிரி. அங்கே செருப்புப் போடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. வடக்கில் எழுதும் ஓட்ட வழிகாட்டியில் இதை விட முடியாது. முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ கட்டிய நாடாவோ கண்டால் வந்த வழியே திரும்புங்கள். ஆள் நடமாட்டமில்லாத பற்றைக் காட்டுக்குள் புதுப் பாதை கண்டுபிடிக்கும் வீரம் இங்கே தேவையில்லை.

நான்காம் படி: கால் வைக்கும் விதம்

முன்பாதத்தில் ஓடு, குதிக்கால் படக் கூடாது என்று இணையத்தில் பார்த்து, பரதம் ஆடுகிறவர் மாதிரி விரல்நுனியில் ஓடுகிறவர்கள் உண்டு. அது பிழை. விஷயம் அவ்வளவு நேர்கோடாகவும் இல்லை. 2010இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் டானியல் லீபர்மன் குழு, வெறுங்காலோடு வளர்ந்த கென்ய ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குவதையும், அப்படி இறங்கும்போது நிலம் மோதும் அந்த முதல் அடி மிகக் குறைவதையும் காட்டியது. மூன்று வருடம் கழித்து வேறொரு குழு வடகென்யாவின் தாசனச் மக்களிடம் பார்த்தது. அவர்களும் செருப்பில்லாமல் வளர்ந்தவர்கள்தான். ஆனால் நிதானமாக ஓடும்போது பெரும்பாலானோருக்குக் குதிக்கால்தான் முதலில் பட்டது. வேகம், தரை, பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் கால் எங்கே விழும் என்று முடிவாகிறது. எனவே எந்தப் பகுதி முதலில் படுகிறது என்று குனிந்து குனிந்து பார்க்காதீர்கள். கீழே உள்ளவற்றைச் சரிசெய்தால் கால் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

நின்ற இடத்திலேயே மெல்ல ஓடுங்கள், வெறுங்காலோடு, சீமெந்தில். யாரும் குதிக்காலில் இறங்க மாட்டீர்கள், முடியவும் முடியாது. முன்பாதம் முதலில் படும், பிறகு குதிக்கால் மெல்ல வந்து நிலத்தை முத்தமிட்டு எழும். இப்போது உடலை மட்டும் ஒரு விரற்கடை முன்னுக்குச் சாயுங்கள். இடுப்பில் மடியாமல் கணுக்காலிலிருந்து சாய வேண்டும். கால் தானாக முன்னேறும். அவ்வளவுதான் வித்தை. பாதம் இடுப்புக்குக் கீழேயே விழ வேண்டும், முன்னுக்கு எட்டிப்போய் விழக் கூடாது. எட்டி வைக்கும் கால் ஒவ்வொரு முறையும் பிரேக் பிடிக்கிறது.

காலடிகள் குறுகியும் விரைவாகவும் இருக்கட்டும். நிமிடத்துக்கு 170 முதல் 180 என்பது பொதுவான அளவு. உயரமானவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம். வலது கால் படுவதை மட்டும் முப்பது விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். என்னுடையது முதலில் 152ஆக இருந்தது. அதைக் கூட்ட நான் செய்தது கயிறடித்தல். காலை மாலை இரண்டு இரண்டு நிமிடம். கயிறடிக்கும்போது கால் தரையில் தங்காது, முழங்கால் விறைக்காது, சத்தம் வராது. ஓட்டத்துக்கும் அதே மூன்றுதான் வேண்டும்.

சத்தம் என்றேன். காதில் எதையும் மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். பட்டுப் பட்டென்று கேட்டால் அடித்து வைக்கிறீர்கள். சர் சர் என்று கேட்டால் காலை இழுக்கிறீர்கள். நன்றாக ஓடும் நாளில் நாய்கூடக் கடைசி நேரத்தில்தான் திரும்பிப் பார்க்கும். (பிறகு துரத்தும். நின்று, திரும்பி, மெல்ல நடவுங்கள்.) நேரம் கிடைத்தால் கிளித்தட்டு விளையாடும் பிள்ளைகளின் காலைப் பாருங்கள். குறுகிய அடி, மடங்கிய முழங்கால், எந்தப் பக்கமும் திரும்பத் தயாரான பாதம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நிலமும் சாட்சி சொல்லும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கோயிலைச் சுற்றி வீதியில் மணல் பரப்புவார்கள். பக்தர்கள் அங்கப்பிரதட்சணம் செய்யும் இடம் அது, அங்கே ஓட வேண்டாம். ஆனால் நடந்து போய்த் திரும்பி உங்கள் சுவட்டைப் பார்க்கலாம். பிறகு வீட்டு முற்றத்தில் மணல் கொட்டி அதன்மேல் ஓடிப் பாருங்கள். விரல் பக்கம் குழி விழுந்து பின்னால் மணல் சிதறியிருந்தால் நிலத்தை உதைத்துத் தள்ளுகிறீர்கள். சுவடு முழுதாக, ஆழம் ஒரே அளவாக, ஓரம் சிதையாமல் இருந்தால் காலைத் தூக்கி எடுக்கிறீர்கள். தோலைக் காப்பாற்றுவது இந்த வித்தியாசம்தான். விரலடியில் கொப்புளம் வருகிறவர்கள் எல்லோரும் உதைத்துத் தள்ளுகிறவர்கள்.

மேல் உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோள் தளர்ந்து, கை மடங்கி, பார்வை பத்தடி முன்னால். காலுக்குக் கீழே பார்த்து ஓடினால் கழுத்து வலிக்கும், முள்ளும் தப்பாது.

ஐந்தாம் படி: பன்னிரண்டு கிழமைக் கணக்கு

முதல் இரண்டு கிழமை நடை என்று சொன்னேன். மூன்றாம், நான்காம் கிழமையில் ஒன்றுவிட்ட ஒரு நாள், அரை நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடவுங்கள். ஆறு முறை. மொத்தம் ஓடியது மூன்றே நிமிடம். சிரிப்பு வரும், பரவாயில்லை. ஐந்து, ஆறில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, எட்டு முறை வரை. ஏழு, எட்டில் நிறுத்தாமல் எட்டிலிருந்து பத்து நிமிடம். அதற்குப் பிறகு கிழமைக்கு ஓரிரு நிமிடமாகக் கூட்டி, பன்னிரண்டாம் கிழமையில் இருபது நிமிடம் வந்தால் நல்ல முன்னேற்றம். எந்தக் கிழமையும் சரியாகப் போகவில்லை என்றால் அதையே திரும்பச் செய்யுங்கள். யாரும் புள்ளி போடுவதில்லை.

ஏற்கெனவே சப்பாத்தோடு ஓடுகிறவர்கள் வழமையான தூரத்தை விட வேண்டியதில்லை. வெறுங்கால் பகுதியை முதலில் ஓடிவிட்டுப் பிறகு சப்பாத்தைப் போடுங்கள். பலர் மாறிச் செய்வார்கள், களைத்த பிறகு கடைசி ஒரு கிலோமீற்றருக்குச் சப்பாத்தைக் கழற்றுவார்கள். களைத்த கால் அடித்து விழும். புதிதாகப் பழகும் எலும்புக்கு அதைவிடக் கெட்டது இல்லை.

2013இல் வந்த ஓர் ஆய்வில், சாதாரணச் சப்பாத்திலிருந்து மிக மெல்லிய, விரல் பிரித்த சப்பாத்துக்குப் பத்துக் கிழமையில் மாறியவர்கள் பலரின் பாத எலும்புக்குள் நீர்க்கோப்புக் கூடியிருந்ததை எம்ஆர்ஐ காட்டியது. எலும்பு முறிவுக்கு முந்திய எச்சரிக்கை அது. பத்துக் கிழமையே அவசரமாக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று நிமிடத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் வர ஒன்பது மாதம் எடுத்தது, காயத்தால் ஓடாமல் இருந்த மூன்று மாதம் அதில் சேர்க்கவில்லை.

வலி என்ன சொல்கிறது

கெண்டைச் சதை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் அது வேலை செய்த வலி. ஒரு நாள் கூடுதலாக ஓய்வு எடுங்கள், போதும். தோல் காந்தினால் தூரம் கூடிவிட்டது, அடுத்த முறை குறையுங்கள்.

குதிநாண் விடிய எழும்பும்போது விறைத்திருந்தால் ஓட்டத்தை நிறுத்தி, மேலே சொன்ன குதிக்கால் உயர்த்தும் பயிற்சியை மெல்ல, இறக்கும்போது இன்னும் மெல்லச் செய்யுங்கள். படுக்கையிலிருந்து வைக்கும் முதல் அடியில் குதிக்காலின் அடியில் குத்தினால் அது உள்ளங்கால் நார் வீக்கம். அதற்கும் ஓய்வுதான்.

நான் கோட்டைவிட்டது அடுத்தது. பாதத்தின் மேற்பக்கத்தில் விரல்களை நோக்கி ஓடும் நீள எலும்புகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தித் தடவிப் பாருங்கள். பரவலாக வலித்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு நாணயம் அளவு இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படியாக வலித்தால் அன்றே நிறுத்துங்கள். ஒற்றைக் காலில் ஒரு துள்ளல் துள்ளினால் அதே இடம் குத்துகிறதா? வைத்தியரிடம் போங்கள். 'சூடேறினால் போய்விடும்' என்று நான்கு நாள் ஓடிக் காட்டியவன் சொல்கிறேன்.

முள்ளும் சூடும் வெள்ளமும்

மழைக்குப் பிறகு நெருஞ்சி படரும், மஞ்சள் பூவோடு அழகாக. காய் முற்றிக் காய்ந்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும். ஏறினால் நிறுத்துங்கள், ஓடிக்கொண்டே தட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே முறிந்தால் வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவி, நெருப்பில் காட்டி ஆறவிட்ட ஊசியால் முள்ளின் போக்கிலேயே கிளறி எடுங்கள். பனங்கூடலுக்குள் ஓடுவதென்றால் நெருஞ்சியைவிடக் கருக்குத்தான் பயம். விழுந்து கிடக்கும் மட்டையின் விளிம்பு வாள் பல் மாதிரி. வீதியோரத்தில் உடைந்த போத்தல் துண்டு.

வெயில் ஏறிவிட்டதா என்று அறியப் புறங்கையை வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் காலும் வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் விடியற்காலை ஓட்டத்தை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பின்னேரம் சூரியன் சாய்ந்தாலும் காப்பெற் வீதி வாங்கிய சூட்டை உடனே விடாது.

இருட்டில் ரோச் இல்லாமல் இறங்கவே வேண்டாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், எட்டடி விரியன் மூன்றும் எங்கள் மண்ணில் உண்டு. கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். காலை அசைக்காமல் நேரே வைத்தியசாலைக்கு.

மாரியில் வெள்ளம் நிற்கும் வயல் வரம்பிலும் ஒழுங்கையிலும் வெறுங்காலை வைக்காதீர்கள். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போயின. கீறல் உள்ள கால் அந்தக் கிருமிக்குத் திறந்த வாசல். நாய்கள் அசுத்தம் செய்யும் மணலிலும் கவனம். பாதத்தில் கோடு கோடாகச் சிவந்து, நாளுக்கு நாள் ஊர்ந்து, அரித்தால் அது புழு. வைத்தியர் மருந்து தருவார்.

ஒவ்வொரு நாளும் ஓடி முடித்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் தேங்காய் எண்ணெய். தடித்த தோலைச் சுரண்டி எடுக்காதீர்கள். தோல் தடித்தால் உணர்வு குறைந்துவிடுமே என்ற பயம் பலருக்கு உண்டு. செருப்பில்லாமல் வாழும் கென்யர்களின் பாதங்களை அளந்து 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. சப்பாத்தின் மெத்தை உணர்வை மழுங்கச் செய்கிறது. தானாகத் தடித்த தோல் அப்படிச் செய்வதில்லை.

சப்பாத்தை எறிந்துவிடலாமா

எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக் மரதனை வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் உலகச் சாதனையோடு வென்றார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். கொடுத்த சப்பாத்து அவருக்குப் பொருந்தவில்லை, வெறுங்காலோடு ஓடிப் பழகிய கால் என்பதால் கழற்றிவிட்டார். மிச்சக் கதையைச் சொல்கிறவர்கள் குறைவு. நான்கு வருடம் கழித்து டோக்கியோவில், குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஆறு கிழமையில், சப்பாத்தோடு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். இந்த முறை மூன்று நிமிடம் குறைவு.

பிரித்தானியாவின் புரூஸ் டலோ 1962 ஐரோப்பிய 5000 மீற்றர் பட்டத்தை வெறுங்காலோடு எடுத்தவர். 1969இல் லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயோர்க் வரை 65 நாளில் ஓடியபோது சப்பாத்துப் போட்டுக்கொண்டார். மிலிந்த் சோமன் 2016இல் அகமதாபாத்திலிருந்து மும்பைக்கு 527 கிலோமீற்றர் வெறுங்காலோடு ஓடினார். யாருக்கு எது பொருந்துகிறதோ அது. வெறுங்கால் எனக்கு ஓடச் சொல்லித்தந்த வாத்தியார், மதம் இல்லை. கிழமையில் இரண்டு நாள் நான் இப்போதும் சப்பாத்தோடுதான் ஓடுகிறேன்.

தூரம் போகிறவர்கள்

மெக்சிக்கோவின் செப்புப் பள்ளத்தாக்கில் வாழும் ராராமுரி மக்களை வெறுங்கால் ஓட்டக்காரர்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அவர்கள் போடுவது ரயர் துண்டில் வெட்டி வாரால் கட்டிய செருப்பு. 1993இல் அமெரிக்காவின் லெட்வில் நூறு மைல் ஓட்டத்தை அந்தச் செருப்போடு வென்ற விக்டோரியானோ சுரோவுக்கு வயது 55. 2017இல் லொரேனா ராமிரெஸ் பாவாடையும் செருப்புமாக 50 கிலோமீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். சின்ன வயதிலிருந்தே மரப்பந்தைக் காலால் தட்டிக்கொண்டு மணிக்கணக்காக மலையில் ஓடும் விளையாட்டில் வளர்ந்தவர்கள். வறுத்த சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். எங்கள் சத்துமாக் கரைசல் கிட்டத்தட்ட அதேதான். பொக்கற்றில் வைக்க எனக்குப் பிடித்தது பனங்கட்டிக் குட்டான். ஓலைப் பெட்டியோடு வருவதால் வேர்வையில் கரையாது. அரை மணிக்கு ஒரு சின்னக் கடி, பிறகு ஒரு மிடறு தண்ணீர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் உப்புப் போட்ட மோரும் வேண்டும்.

அந்தப் பள்ளத்தாக்கில் ராராமுரிகளோடு வாழ்ந்து ஓட்டப் போட்டி நடத்திய அமெரிக்கர் மைக்கா ட்ரூ. 2012 மார்ச்சில் நியூ மெக்சிக்கோக் காட்டுக்குள் தனியே ஓடப் போனவர் திரும்பவில்லை. நான்கு நாள் தேடியபின் ஓடைக்கரையில் உடல் கிடைத்தது. இதயம் நோயுற்றிருந்தது. எங்கள் குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை அக்கரை போய் இக்கரை திரும்பி 51 மணி நேரத்தில் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயின் குளிர்த் தண்ணீரில் உயிர் போனது. இந்தப் பெயர்களைப் பெருமைக்காக எழுதவில்லை. தூரம் போக முன் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள், எந்தப் பாதையால் எத்தனை மணிக்கு வருவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பொறுமையைக் கற்க மெக்சிக்கோ வரை போகவும் வேண்டாம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு ஒவ்வொரு வருடமும் பாதயாத்திரை போகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை, பிறகு குமணக் காடு. ஒரு மாதத்துக்கு மேல் நடை, பலர் வெறுங்காலோடு. பல முறை போய் வந்த அம்மா ஒருவரிடம் கால் கொப்புளிக்காதா என்று கேட்டேன். "சுட்டா நிழலுக்கு ஒதுங்கு. நொந்தா இரு. முருகன் எங்கயும் ஓடிப்போக மாட்டார், ராசா." என் பன்னிரண்டு கிழமை அட்டவணையை அவரிடம் காட்டவில்லை.

கடைசிப் படி: நல்லூரிலிருந்து சந்நிதி

இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட வந்து, அதற்குப் பிறகும் ஆறு மாதம் கடந்தவர்களுக்கு ஒரு நல்ல நீள ஓட்டம் இது. நல்லூரிலிருந்து இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால், அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாறு. இருபது கிலோமீற்றர் அளவு. வெள்ளிக்கிழமை வேண்டாம், கோயிலுக்குப் போகும் வாகனம் அதிகம். விடிய நான்கரைக்குத் தொடங்குங்கள். கூட ஒருவர் சைக்கிளில் வரட்டும். தண்ணீர், குட்டான், ஊசி, பிளாஸ்ரர், ஒரு சோடி செருப்பு அவரிடம் இருக்கட்டும்.

கோப்பாய் வரை வீதி வழுவழுப்பு, கால் பறக்கும். அங்கேதான் வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும். நீர்வேலியில் வாழைத் தோட்டக் காற்று வரும், விடியும். புத்தூரில் தரையின் கரடு மாறுவதைக் கால் முதலில் சொல்லும், கண் பிறகுதான் காணும். அந்த இடத்தில் அடியை இன்னும் குறுக்குங்கள்.

நான் முதல் முறை ஆவரங்காலில் செருப்புப் போட்டேன். சைக்கிளில் வந்த மச்சான் "இவ்வளவு தூரம் வந்திட்டியே, மிச்சத்தையும் ஓடன்" என்றான். உள்ளங்கால் அதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மிச்சத்தை அரைவாசி நடையும் அரைவாசி ஓட்டமுமாக முடித்து, 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியின் ஊர் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அன்னதான மடத்தில் வரிசையில் போய் உட்கார்ந்தோம்.